ஆட மாட்டேன்!

தம்பி,

சென்னை மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டு தீக்கிரையாவதற்கு முன், அங்கே பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே நடந்து திரிவது என் இளமைக்கு வாய்த்த இன்பங்களுள் ஒன்று. அறுபதுகளில் ஒரு மாலை, எட்டணா கொடுத்து, கிரிக்கெட் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை வாங்கி வந்தேன். மேலட்டை இல்லை, முதல் பத்துப் பக்கங்களும் இல்லை. ஆனால் உள்ளே, யாரோ அடையாளத்துக்காகச் செருகி வைத்திருந்த மடித்த அட்டை ஒன்று இருந்தது. இலண்டன் லார்ட்ஸ் ஆடுகளத்தில் பார்வையாளருக்கு விற்கப்படும் ஆட்ட விவர அட்டை அது. மிடில்செக்ஸ் அணியும் சசெக்ஸ் அணியும் மோதிய ஆட்டம். இருபத்திரண்டு பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன.

அந்தப் பெயர்களில் ஒரு புதுமை கண்டேன். சில பெயர்களுக்குத் தலைப்பெழுத்து முன்னால் நின்றது. சில பெயர்களுக்குப் பின்னால் நின்றது. அச்சுக் கோத்தவரின் கவனக் குறைவு என்று முதலில் எண்ணினேன். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டியபோது அவர் சிரித்தார். "பிழையல்ல, மிகுந்த கவனத்துடன் செய்த காரியம். முன்னால் எழுத்து நிற்பவர் கனவான்; பின்னால் எழுத்து நிற்பவர் கூலிக்காரர்" என்றார்.

பெயரின் வாலிலே சாதி தொங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பெயரின் தலையிலே வர்க்கம் அமர்ந்திருப்பதை அன்றுதான் கண்டேன்!

அந்த அட்டையில், சசெக்ஸ் அணியின் வரிசையில், தலைப்பெழுத்துகள் முன்னால் நின்ற பெயர் ஒன்று: டி. எஸ். ஷெப்பர்டு. டேவிட் ஷெப்பர்டு என்ற அந்தப் பல்கலைக்கழக ஆட்டக்காரரின் வாழ்வைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். அவர் அடித்த சதங்களுக்காக அல்ல. அவர் ஒருநாள் ஆட மறுத்தார், அதற்காக.

அதற்கு முன், அவர் பிறந்து வளர்ந்த உலகத்தின் அமைப்பை நீ அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் இரு பிரிவினர். ஊதியம் பெறாது ஆடுவோர் அமெச்சூர்கள். இவர்களுக்கு 'ஜென்டில்மென்' என்று பெயர். ஊதியத்துக்கு ஆடுவோர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இவர்கள் வெறும் 'பிளேயர்ஸ்'. அமெச்சூர் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் அன்பு செய்பவனைக் குறிப்பது. ஆட்டத்தின்மீது காதல் கொண்டு ஆடுகிறானாம் கனவான்! சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கும் தோட்டக்காரரின் மகனுக்கும் ஆட்டத்தின்மீது காதல் இல்லையா? இருந்தது, தம்பி, ஆனால் வெறுங்காதல் கொண்டு அடுப்பெரியுமா? ஊதியம் வேண்டாம் என்று சொல்வதற்கும் வீட்டிலே சொத்து இருக்க வேண்டுமே!

ஒரே அணியில் ஆடுவார்கள். ஆனால் உடை மாற்றும் அறை வேறு. களத்தில் இறங்கும் வாசலும் பல இடங்களில் வேறு. வெளியூர் சென்றால் தங்கும் விடுதியும் வேறு. கனவானைத் தொழிலாளி 'மிஸ்டர்' போட்டு அழைக்க வேண்டும். தொழிலாளியைக் கனவான் வெறும் பெயரால் அழைப்பான். ஒருமுறை, பிரெட் டிட்மஸ் என்ற இளம் பந்துவீச்சாளரின் பெயருக்கு முன்னால் தவறுதலாகத் தலைப்பெழுத்துகளை அச்சிட்டு விட்டார்கள். லார்ட்ஸ் ஆடுகளத்தின் ஒலிபெருக்கி, அட்டையில் பிழை நேர்ந்துவிட்டது என்றும், அந்த எழுத்துகள் பெயருக்குப் பின்னால் வரவேண்டியவை என்றும் அறிவித்துத் திருத்தியது! ஊரறிய, உலகறிய, ஓர் இளைஞனுக்கு அவன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் ஆடுகளத்தைப் பேணும் பணியில் இருந்தார் ஒருவர். அவருடைய மகன் அந்த நகரிலேயே பிறந்து வளர்ந்தான். கல்லூரியில் படிக்கவில்லை, கல்லூரிப் பிள்ளைகள் ஆடுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தான். அவன்தான் ஜாக் ஹாப்ஸ். முதல்தர ஆட்டங்களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்கள், 197 சதங்கள். அத்தகையவருக்கும் இங்கிலாந்து அணியின் தலைமைப் பதவி முறையாகத் தரப்படவில்லை. 1926-ஆம் ஆண்டில் தலைவர் நோயுற்றதால், ஓர் ஆட்டத்தின் நடுவே பொறுப்பேற்றார், அவ்வளவே. ஏன்? அவர் கூலி பெறுபவர்! தொழில்முறை ஆட்டக்காரன் ஒருவன் இங்கிலாந்துக்குத் தலைவனாகும் நாள் வரவே கூடாது என்று 1925-ஆம் ஆண்டில், கூட்டத்தில் எழுந்து நின்று, கடவுளையே வேண்டிக்கொண்டார் ஹாக் பிரபு. பிறவிப் பெருமையைக் காப்பாற்றக் கடவுளைக் காவலுக்கு அழைப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று, தம்பி!

இத்தகைய உலகில், கனவான்களின் வாசல் வழியே வந்தவர் ஷெப்பர்டு.

1929-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் பிறந்தார். தந்தை வழக்குத் தொழில் புரிந்தவர்; மகன் சிறுவனாக இருக்கும்போதே மறைந்தார். ஷெர்போர்ன் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரி. அந்தக் காலப் பல்கலைக்கழக அணிகள் மாணவர்களின் பொழுதுபோக்கு அணிகள் அல்ல. வெளிநாட்டு அணிகளே அவர்களோடு மோத வரும். 1950-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவு அணி, கேம்பிரிட்ஜின் பென்னர்ஸ் ஆடுகளத்துக்கு வந்தது. ஷெப்பர்டும் அவருடைய தோழர் ஜான் டூயஸும் முதல் விக்கெட்டுக்கு 343 ஓட்டங்கள் சேர்த்தனர். ஷெப்பர்டு மட்டும் 227. அதே ஆண்டில், இருபத்தொரு வயதில், இங்கிலாந்து அணியில் இடம் பெற்றார்.

1952-ஆம் ஆண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, பல்கலைக்கழக அணியின் தலைவர் அவர். ஓவல் ஆடுகளத்தில் நம்மவர்களின் பந்துவீச்சில் 119 ஓட்டங்கள் எடுத்தார். அந்தத் தொடரில்தான் வேறொரு வரலாறும் நிகழ்ந்தது. லென் ஹட்டன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்து அணிக்கு முறைப்படி தலைவராக நியமிக்கப்பட்டார். ஹாக் பிரபுவின் வேண்டுதலுக்குச் செவிசாய்ப்பார் இல்லை! ஆனால் பழைமை அவ்வளவு எளிதில் படுக்குமா? 1954-ஆம் ஆண்டில் ஹட்டன் உடல்நலம் குன்றியபோது, பாகிஸ்தானுக்கு எதிரான இரண்டு டெஸ்ட் ஆட்டங்களுக்கு ஷெப்பர்டு தலைமை தாங்கினார். உடனே, ஆஸ்திரேலியா செல்லும் அணிக்கு ஹட்டனை ஒதுக்கிவிட்டு இந்த இருபத்தைந்து வயதுக் கனவானையே தலைவராக்கலாமே என்று மேலிடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் ஹட்டனே சென்றார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று திரும்பினார். கூலிக்காரருக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்ற சாத்திரம் சரிந்தது.

ஷெப்பர்டோ வேறு பாதையில் சென்றார். 1955-ஆம் ஆண்டில் பாதிரியார் ஆனார்.

இங்கே உன் புருவம் நெரிவதைக் காண்கிறேன். "பகுத்தறிவு பேசும் ஏட்டில் பாதிரியாருக்குப் பாராட்டா?" என்று கேட்கத் தோன்றும். கேள். நானும் என்னையே கேட்டுக் கொண்டவன்தான். கேம்பிரிட்ஜ் அவருக்குக் கிரிக்கெட்டைப் போலவே சமயப் பற்றையும் கொடுத்தது. அந்தப் பற்றில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அந்தப் பற்றை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போனார் என்பதைப் பார். செல்வர்கள் வாழும் வட்டாரத்தில் வசதியான திருச்சபையைத் தேடவில்லை. 1957 முதல் 1969 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், கிழக்கு இலண்டனில், துறைமுகத் தொழிலாளர்கள் வாழும் கேனிங் டவுன் பகுதியில், மேபிளவர் குடும்ப நிலையத்தில் பணிபுரிந்தார். எந்த மக்கள் கனவானின் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட வேண்டியிருந்ததோ, அந்த மக்களோடு வாழ்ந்தார்.

1960-ஆம் ஆண்டு வந்தது. மார்ச் 21-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் நகரில், கறுப்பின மக்கள் நடமாடவே அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள்மீது காவலர்கள் சுட்டனர். 69 பேர் பிணமாயினர். அந்தக் குருதி உலருமுன், அந்தக் கோடையிலேயே, அந்நாட்டின் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு வந்தது. அந்த அணியில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். எத்தனை ஆற்றல் இருந்தாலும் மற்றவருக்கு இல்லை.

ஷெப்பர்டு வெளிப்படையாக அறிவித்தார்: இந்த அணிக்கு எதிராக நான் ஆட மாட்டேன்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்றனர் பலர். விளையாட்டில் அரசியலைக் கலந்தவர் யார்? தோலின் நிறத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தவரா, அதைத் தவறு என்று சொன்னவரா? சுவரை எழுப்பியவனை விட்டுவிட்டு, சுவர் இருக்கிறது என்று சுட்டிக்காட்டியவனைக் கலகக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

வேதநூலைப் படித்ததால் வந்த துணிவு அது என்று அவரே சொல்லக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. அதே வேதநூலைக் கையில் வைத்துக்கொண்டுதான், தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை நிற ஒதுக்கலுக்கு நியாயம் கற்பித்தது. ஒரே நூல், ஒருவர் கையில் விலங்காயிற்று, மற்றொருவர் கையில் விளக்காயிற்று. எனவே, நீதியைத் தேர்ந்தது நூலன்று, மனிதர்! இதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். அந்த மனிதரைப் பாராட்டுவதிலும் தயக்கம் வேண்டாம்.

அவரைக் குறையற்றவராக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. கனவான்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் நடந்த ஆட்டம் 1806-ஆம் ஆண்டில் தொடங்கியது. லார்ட்ஸ் ஆடுகளத்தில் அது கடைசியாக நடந்தது 1962-ஆம் ஆண்டு ஜூலையில். அந்தக் கடைசி ஆட்டத்தில் கனவான்களின் பக்கம் நின்று சதம் அடித்தவர் யார் தெரியுமா? 112 ஓட்டங்கள் எடுத்த டேவிட் ஷெப்பர்டு! ஆப்பிரிக்காவின் நிறச் சுவரைக் கண்ட கண்கள், தம் காலடியில் கிடந்த வர்க்கக் கோட்டைக் கடந்து போயின. தொலைவில் உள்ள கொடுமை தெளிவாகத் தெரிகிறது. தாம் அமர்ந்திருக்கும் நாற்காலி மட்டும் தெரிவதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், அமெச்சூர் என்ற பிரிவே ஒழிக்கப்பட முடிவாயிற்று. எல்லாரும் கிரிக்கெட் ஆட்டக்காரர் என்ற ஒரே பெயர் பெற்றனர்.

அந்தக் குளிர்காலத்தில், திருப்பணியிலிருந்து விடுப்புப் பெற்று, ஆஸ்திரேலியா சென்றார் ஷெப்பர்டு. மெல்போர்ன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் சுழி, இரண்டாம் இன்னிங்ஸில் 113, வெற்றி இங்கிலாந்துக்கு. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் கைநழுவ விட்ட பந்துகள் பல. சுரங்கத் தொழிலாளியின் மகனான பிரெட் ட்ரூமன், ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டு இரு கைகளையும் சேர்த்து வையுங்கள் பாதிரியாரே என்று கேலி செய்ததாக, இன்றும் கிரிக்கெட் உலகம் சொல்லிச் சிரிக்கிறது. தொழிலாளி கனவானைப் பார்த்துச் சிரிக்கும் காலம் வந்துவிட்டது, அதுவும் நல்லதே!

இனி, 1968.

பாசில் டி'ஒலிவெரா கேப் டவுனில் பிறந்தவர். கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டு, சொந்த நாட்டு அணியில் இடம் மறுக்கப்பட்டவர். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்தார். உழைத்து உயர்ந்து, 1966-இல் இங்கிலாந்து அணியிலேயே இடம் பெற்றார். 1968 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓவலில் 158 ஓட்டங்கள் குவித்தார். அந்த ஆட்டம் முடிந்த மறுநாள், தென்னாப்பிரிக்கா செல்லும் அணி அறிவிக்கப்பட்டது. டி'ஒலிவெராவின் பெயர் இல்லை! கிரிக்கெட் காரணங்களே தவிர வேறில்லை என்றனர் தேர்வாளர்கள். நாடு கொந்தளித்தது. டாம் கார்ட்ரைட் என்பவர் காயத்தால் விலக, அந்த இடத்தில் டி'ஒலிவெரா சேர்க்கப்பட்டார். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், அந்த அணியை ஏற்க முடியாது என்றார். பயணம் கைவிடப்பட்டது.

அந்தத் தேர்வாளர்களுள் இருவர் யார்? டக் இன்சோல், பீட்டர் மே. இருவரும் கேம்பிரிட்ஜ் அணியில் ஆடியவர்கள். மே, ஷெப்பர்டோடு ஒரே காலத்தில் அதே அணியில் ஆடியவர். ஆம், தம்பி! அயலானை எதிர்ப்பது எளிது. உடன் உண்டு, உடன் ஆடி, தோளில் கைபோட்டு நடந்தவனின் முகத்துக்கு நேரே 'நீ செய்தது தவறு' என்பதுதான் அரிது. அந்த அரிய காரியத்தைச் செய்தார் ஷெப்பர்டு. 1968 டிசம்பர் 5-ஆம் நாள், எம்.சி.சி. கழகத்தின் சிறப்புக் கூட்டத்தில், இந்தச் சிக்கலைக் கழகம் கையாண்ட முறையைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிந்தவர் கேம்பிரிட்ஜின் மற்றொரு மாணவரான மைக் பிரியர்லி. பின்னாளில் இங்கிலாந்தின் தலைவராக ஆனவர். நிறவெறி நீங்குவதற்கான அறிகுறி தெரியும்வரை தென்னாப்பிரிக்காவோடு ஆடலாகாது என்பதும் அவர்களின் கோரிக்கை.

வாக்கெடுப்பில் தோற்றனர். தீர்மானங்கள் அனைத்தும் பெரும் வேறுபாட்டில் வீழ்ந்தன.

இந்த இடத்தில், தம்பி, என் கதையையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

நானும் கல்லூரியில் கிரிக்கெட் ஆடியவன். எங்கள் அணியில் வேகமாகப் பந்து வீசும் நண்பன் ஒருவன் இருந்தான். சேரியிலிருந்து வந்து, கல்வி உதவித்தொகையில் படித்தவன். வெளியூர் ஆட்டம் ஒன்று. காலையில் அவன் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினான். நண்பகல் உணவு, ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில். எங்களுக்குக் கூடத்தில் இலை. அவனுக்குத் திண்ணையில் இலை. அவன் இலையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

பகுத்தறிவு ஏடுகளைப் படித்தவன் நான். மேடைகளில் பேசியவன் நான். அன்று வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அணித் தலைவர் பதவி எனக்கு வரும் என்ற பேச்சு இருந்தது. கூடத்திலே அமர்ந்தேன். உண்டேன். பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன். அந்தப் பாயசம் இன்றும் என் தொண்டையில் நிற்கிறது. அவன் அதன்பின் எங்களோடு ஆடவில்லை. நான் தலைவரானேன்!

லார்ட்ஸ் அட்டையில் தலைப்பெழுத்து முன்னால் நின்றவர்களைப் பார்த்துச் சினந்தேனே. அந்தக் கூடத்திலே என் பெயருக்கு முன்னாலும் அந்த எழுத்து நின்றது. அதை நான் அன்று படிக்கவில்லை.

ஆகவேதான் ஷெப்பர்டின் தோல்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. தோற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1970-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அணி மீண்டும் இங்கிலாந்துக்கு வரவிருந்தபோது, அதை எதிர்த்து அமைந்த 'நேரிய கிரிக்கெட் இயக்க'த்துக்குத் தலைமை ஏற்றார். வீதிகளில் இளைஞர் போராட்டம்; மன்றங்களில் இவர்களின் வாதம். அவ்வாண்டு மே மாதத்தில் அந்தப் பயணம் கைவிடப்பட்டது. இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1991 நவம்பரில், தென்னாப்பிரிக்கா உலக அரங்கில் மீண்டும் காலடி வைத்தது நம் கொல்கத்தாவில். 1994-இல் அந்நாட்டின் எல்லா மக்களும் வாக்களித்தனர். எம்.சி.சி. வாக்குப் பெட்டியில் தோற்ற தீர்மானம், வரலாற்றின் வாக்குப் பெட்டியில் வென்றது.

ஷெப்பர்டு 1975 முதல் 1997 வரை லிவர்பூல் நகரின் பேராயராக இருந்தார். வேலையின்மை வாட்டிய அந்நகரில், பகைமை பாராட்டிய இரு திருச்சபைகளிடையே, கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வொர்லாக்கோடு தோழமை பூண்டு ஏழைகளுக்காகப் பேசினார். 2005 மார்ச் 5-ஆம் நாள், எழுபத்தாறு வயது நிறைய ஒருநாள் இருக்கையில், மறைந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதிய டெஸ்ட் தொடர் ஒன்று முடிந்திருந்தது. முதன்முறையாக அந்தத் தொடரின் கோப்பைக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் பாசில் டி'ஒலிவெரா!

22 டெஸ்ட் ஆட்டங்கள், 1172 ஓட்டங்கள், மூன்று சதங்கள். ஏடுகள் அவரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கும் கணக்கு இது. அவர் ஆடாத ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. அந்த அட்டையில் அதற்கு இடமுமில்லை.

தம்பி, உன் வாழ்விலும் ஒருநாள் கூடத்திலே உனக்கு இலை போடுவார்கள். திண்ணையில் வேறொருவன் நின்றுகொண்டிருப்பான். அன்று உன் நாவில் நான் எழுதிய வரிகள் எதுவும் வர வேண்டாம். நம் ஏடுகள் கற்பித்த அடுக்குமொழியும் வேண்டாம். அந்தப் பாதிரியார் சொன்ன இரண்டு சொற்கள் வந்தால் போதும்.

சொல்லிவிட்டு, இலையை விட்டு எழுந்து, அவனோடு பேருந்து நிறுத்தம்வரை நட. நான் நடக்காத தூரம் அது.